ஆல்ஃபிரெட் ஏந்திய தட்டு

கிறிஸ்டோபர் நோலன் இயக்கிய 'தி டார்க் நைட்' என்றதும் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஹீத் லெட்ஜரின் ஜோக்கர்தான். அந்த நடிப்புக்கு அந்தப் பெருமை தகும். ஆனால் 2008இல் வெளிவந்த அந்தப் படத்தில், வெடிச்சத்தங்களும் துரத்தல்களும் சற்றே ஓய்ந்த ஒரு நேரத்தில், ஒரு காலை உணவுத் தட்டு வருகிறது. ஏந்தி வருபவர் ஒரு முதியவர். தட்டில் ஒட்டப்படாத ஓர் உறை. அதைக் கொண்டுவந்து வைக்கிறார். சற்று நேரத்தில் தாமே திரும்ப எடுத்துக்கொள்கிறார். இந்த இரண்டு அசைவுகளுக்குள் ஒரு வளர்ப்புத் தந்தையின் வாழ்நாள் அன்பு முழுவதும் அடங்கிவிடுகிறது. அந்த அழகை இன்னொரு முறை, அவசரமே இல்லாமல், சேர்ந்து பார்ப்போம் வாருங்கள்.

அந்த முதியவர் ஆல்ஃபிரெட். கோத்தம் நகரத்துப் பெருஞ்செல்வர் வெய்ன் குடும்பத்தின் பணியாளர். பெற்றோரைத் துப்பாக்கிக்குப் பறிகொடுத்த சிறுவன் புரூஸை வளர்த்தவர். அவன் பின்னாளில் பேட்மேனாக இரவுகளில் அலையும்போது காயங்களுக்கு மருந்திடுபவர். காமிக்ஸில் அவர் பிறந்தது 1943இல். அப்போது அவர் பருத்த உடலும் தடுமாற்றமுமாக, சிரிப்பு மூட்டுவதற்கென்றே வரையப்பட்டிருந்தார். அதே ஆண்டு வந்த திரைத்தொடரில் வில்லியம் ஆஸ்டின் என்ற ஒல்லியான, மீசை வைத்த நடிகர் அந்த வேடத்தை ஏற்றார். அடுத்த ஆண்டே காமிக்ஸ் ஆல்ஃபிரெடும் இளைத்து மீசை வளர்த்துக்கொண்டார். 1964இல் கதையில் அவரைக் கொன்றார்கள். 1966இல் தொலைக்காட்சித் தொடர் வந்தபோது அவரில்லாமல் முடியாது என்றாகி, உயிர்ப்பித்துக் கூட்டிவந்தார்கள். நாயகனின் துணைவர்களுக்கு இப்படித்தான் காலம் கழிந்திருக்கிறது. வேண்டும்போது அழைப்பார்கள், வேண்டாதபோது மறந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட ஒரு பாத்திரத்தை எடுத்து, 'பேட்மேன் பிகின்ஸ்' (2005), 'தி டார்க் நைட்' (2008), 'தி டார்க் நைட் ரைசஸ்' (2012) என்ற மூன்று படங்களின் இதயமாகவே ஆக்கிவிட்டார்கள் நோலனும் மைக்கேல் கெய்னும்.

அது எப்படி நிகழ்ந்தது என்பதில்தான் கலை இருக்கிறது. சூப்பர்ஹீரோ படங்களில் வரும் துணைவர்கள் பெரும்பாலும் நாயகன் விரும்புவதையே தாங்களும் விரும்புவார்கள். அவன் வெல்ல வேண்டும், ஊர் பிழைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆல்ஃபிரெடுக்கோ தமக்கென்று ஓர் ஆசை இருக்கிறது. அதுவும் நாயகனின் பாதைக்கு நேர் எதிரான ஆசை. பேட்மேன் என்ற ஒருவன் தேவைப்படாத நாள் வரவேண்டும், புரூஸ் ஒரு சாதாரண மனிதனாக எங்கேனும் நிம்மதியாக வாழவேண்டும் என்று அவர் ஏங்குகிறார். அந்த ஏக்கத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டே பேட்மேனின் கவசத்துக்குப் பொருள் வாங்கித் தருகிறார். இந்த முரணிலிருந்துதான் அவருடைய ஒவ்வொரு பார்வைக்கும் ஈரம் வருகிறது. சங்க அகப்பாடல்களில் தலைவனை இடித்துரைத்துவிட்டு, பிறகு அவனுக்காகவே நடக்கும் பாங்கனை அறிந்த நமக்கு இந்த மனிதர் அந்நியரே அல்லர்.

முதலில் அந்தக் குரலைக் கேளுங்கள். கெய்ன் இந்த வேடத்துக்காகத் தமக்குள் ஒரு முன்கதையை உருவாக்கிக்கொண்டதாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆல்ஃபிரெட் பிரிட்டிஷ் சிறப்புப் படையில் சார்ஜென்டாக இருந்தவர்; காயம்பட்டும் படையை விட்டுப் போக மனமில்லாமல் சார்ஜென்ட்கள் கூடும் உணவகத்தைக் கவனித்துக்கொண்டவர்; அங்கிருந்துதான் வெய்ன் குடும்பத்துக்கு வந்தவர். கெய்னும் இளமையில் ராணுவத்தில் சேர்ந்து கொரியப் போரைக் கண்டவர். தாம் அறிந்த ஒரு சார்ஜென்டின் குரலையே ஆல்ஃபிரெடுக்குக் கொடுத்தார். அதனால்தான் மேல்தட்டு வீட்டுப் பணியாளர்களிடம் எதிர்பார்க்கும் மழமழப்பு அந்தக் குரலில் இல்லை. லண்டன் உழைப்பாளிக் குடும்பத்தின் சொரசொரப்பு இருக்கிறது, கட்டளையிட்டுப் பழகிய உறுதி இருக்கிறது, அதற்கடியில் ஒரு கனிவு கசிகிறது. முன்கதையில் ஒரு வரிகூடத் திரையில் விளக்கப்படுவதில்லை. ஆனாலும் அந்த மனிதர் வாய் திறந்த கணமே, இவர் எங்கோ போய், எதையோ பார்த்து, அதன்பிறகு இந்த வீட்டுக்கு வந்தவர் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது.

அடுத்து, 'பேட்மேன் பிகின்ஸ்' படத்தில் முகமூடிகள் வாங்கும் அந்தச் சின்னஞ்சிறு நிகழ்ச்சி. பேட்மேனின் முகமூடிக்கான பாகங்களை ஒன்றிரண்டாக வாங்கினால் எவரேனும் சந்தேகப்படுவார்கள். ஆகவே மொத்தமாகப் பத்தாயிரம் வாங்கச் சொல்கிறார் ஆல்ஃபிரெட். முதல் சரக்கு தரம் குறைந்து வருகிறது. அடி தாங்காமல் நொறுங்குகிறது. அடுத்த பத்தாயிரம் சரியாக வருமென்றும், அதுவரை தலைகுப்புற விழாமல் பார்த்துக்கொள்வது நல்லதென்றும் முகம் மாறாமல் ஆலோசனை சொல்கிறார். இந்தக் காட்சியின் நளினத்தைப் பாருங்கள். ஒரு மாவீரன் உருவாகும் கதையை நம்பும்படி ஆக்குவது எது? மலையுச்சிப் பயிற்சிகள் மட்டும் அல்ல. சரக்குக்கு எழுதிப்போட்டு, கணக்குப் பார்த்து, குறைகண்டு திருப்பி எழுதுகிற ஒருவர் வீட்டில் இருப்பதும்தான். பெருங்காரியங்களுக்குப் பின்னால் கிடக்கும் சிறுவேலைகளை இத்தனை மரியாதையோடு காட்டிய சூப்பர்ஹீரோ படம் அரிது. அந்த மரியாதை முழுவதும் ஆல்ஃபிரெடின் முகத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

அதே படத்தில் மாளிகை தீப்பற்றி எரிகிறது. வாசலில் காவலுக்கு நிற்பவனைக் கோல்ஃப் மட்டையால் அடித்து வீழ்த்திவிட்டு உள்ளே ஓடுகிறார் இந்த முதியவர். எரியும் உத்தரத்தின் அடியில் புரூஸ் சிக்கிக் கிடக்கிறான். அந்நேரத்தில் ஆல்ஃபிரெட் ஆறுதல் சொல்வதில்லை, அதட்டுகிறார். இத்தனை தண்டால் எடுத்ததெல்லாம் எதற்கு, ஒரு கட்டையைத் தூக்க முடியாவிட்டால் என்று கேட்கிறார். சிரிப்பும் பதற்றமும் ஒரே மூச்சில் வரும் அந்த அதட்டலில் பழைய சார்ஜென்ட் விழித்தெழுகிறார், கூடவே தகப்பனும். அடுத்து, இருவரும் தப்பி நிலவறைக்கு இறங்கும்போது, குடும்பத்தின் புகழையே எரித்துவிட்டேனே என்று புரூஸ் உடைகிறான். நாம் விழுவது எழக் கற்றுக்கொள்ளத்தான் என்று அவனுடைய தந்தை எப்போதோ சொன்னதை ஆல்ஃபிரெட் நினைவுபடுத்துகிறார். இன்னும் என்னைக் கைவிடவில்லையா என்று அவன் கேட்க, ஒருபோதும் இல்லை என்கிறார். கெய்ன் அந்தப் பதிலை உரக்கச் சொல்வதில்லை, நடுங்கியும் சொல்வதில்லை. அதில் சந்தேகத்துக்கே இடமில்லை என்பதுபோலச் சொல்கிறார். அந்தத் தொனி எத்தனை முறை கேட்டாலும் அலுப்பதில்லை.

இப்போது தட்டுக்கு வருவோம். புரூஸ் காதலித்த ரேச்சல் வேறொருவரை மணக்க முடிவெடுத்து, அதை ஒரு கடிதத்தில் எழுதி ஆல்ஃபிரெடிடம் தருகிறாள். சரியான நேரத்தில் கொடுக்கச் சொல்கிறாள். அது எப்போது என்று தமக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கிறார். உறையை ஒட்டவில்லை என்று பதில் வருகிறது. எவ்வளவு நுட்பமான உரையாடல் இது! படித்துக்கொள்ளுங்கள் என்று அவள் சொல்லவில்லை. ஒட்டாமல் விட்டதன் மூலம் தன் இதயத்தை அவர் கையில் நம்பி ஒப்படைக்கிறாள். பிறகு அவள் ஜோக்கரின் சூழ்ச்சியில் இறந்துபோகிறாள். மறுநாள் ஆல்ஃபிரெட் கடிதத்தைத் தட்டில் வைத்து எடுத்துவருகிறார். நொறுங்கி உட்கார்ந்திருக்கும் புரூஸ், அவள் எனக்காகக் காத்திருப்பதாக இருந்தாள் என்கிறான். அந்த ஒரு பொய்யான நம்பிக்கைதான் அவனை உட்காரவாவது வைத்திருக்கிறது என்பது ஆல்ஃபிரெடுக்குப் புரிகிறது. கை மெல்ல நீள்கிறது, உறை தட்டிலிருந்து எழுகிறது. அது என்ன என்று கேட்டவனிடம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்.

கெய்னின் முகத்தை அந்தக் கணத்தில் கூர்ந்து பாருங்கள். கண்ணீர் இல்லை, நெடுமூச்சு இல்லை. பல்லாண்டு பணிவிடையில் பழகிய அதே கைகள், தேநீர்க் கோப்பையை எடுக்கும் அதே இயல்போடு, ஒரு மனிதனின் எதிர்காலத்தையே எடுத்து மறைக்கின்றன. இனி அந்தப் பொய்யின் பாரம் முழுவதும் அவருடையது. படத்தின் இறுதியில் அந்தக் கடிதத்தை அவர் தீயிலிடுகிறார். பேட்மேனும் கமிஷனர் கோர்டனும் நகரத்துக்காக ஒரு பெரும்பொய்யைச் சுமக்க முடிவெடுக்கும் அதே வேளையில், வீட்டுக்குள் இந்த மனிதர் ஒரே ஒருவனுக்காக ஒரு சிறுபொய்யைச் சுமக்கிறார். இரண்டையும் அருகருகே வைத்து, எதையும் சொல்லாமல் நகர்கிறது படத்தொகுப்பு. நகரத்தின் கதையும் வீட்டின் கதையும் ஒரே எடையில் நிற்கின்றன. நாயகனுக்கு இணையான அறச்சிக்கலைத் துணைவருக்கும் கொடுத்திருக்கிறார்களே, அதைவிட உயர்ந்த உபசாரம் ஒரு பாத்திரத்துக்கு என்ன இருக்க முடியும்?

பர்மாக் கதையையும் விட்டுவிட முடியாது. ஜோக்கரைப் புரிந்துகொள்ள முடியாமல் புரூஸ் திணறும்போது, தாம் இளமையில் பர்மாவில் இருந்ததை ஆல்ஃபிரெட் சொல்கிறார். அங்கே ஒரு கொள்ளைக்காரன் விலையுயர்ந்த கற்களைத் திருடிக்கொண்டிருந்தான். தேடிப் போனால், கமலாப் பழம் அளவு மாணிக்கத்தை வைத்து ஒரு குழந்தை விளையாடிக்கொண்டிருந்தது. திருடியவன் கற்களை வீசியெறிந்துகொண்டே போயிருக்கிறான். அவனுக்குப் பணம் பொருட்டே அல்ல. கெய்ன் இதை நிதானமாக, ஒவ்வொரு சொல்லுக்கும் இடம்விட்டுச் சொல்கிறார். ஆனால் நோலன் செய்த அருமையான வேலை, கதையின் முடிவை அங்கே வைக்காமல் ஒத்திப்போட்டது. ரேச்சல் போனபின்தான் புரூஸ் கேட்கிறான், அவனைப் பிடித்தீர்களா, எப்படி என்று. காட்டையே எரித்தோம் என்கிறார் ஆல்ஃபிரெட். அமைதியே உருவான இந்த முதியவர் ஒருகாலத்தில் எதைச் செய்தவர், எதைச் சுமப்பவர் என்பது அந்த ஒற்றை விடையில் வெளிச்சமாகிறது. அவர் புரூஸுக்காக ஏன் அஞ்சுகிறார் என்பதும் அங்கேதான் விளங்குகிறது.

மூன்றாம் படத்தில் அந்த அடியாழத்து ஆசை வாய்திறந்து பேசிவிடுகிறது. புரூஸ் கோத்தமை விட்டு மறைந்திருந்த ஏழு ஆண்டுகளிலும், ஆண்டுதோறும் விடுமுறைக்கு ஃபுளோரன்ஸ் போனாராம் ஆல்ஃபிரெட். ஆர்னோ ஆற்றங்கரையில் ஓர் உணவகம். நல்ல மாலை வேளையில் அங்கே அமர்ந்து ஒரு ஃபெர்னெட் பிராங்கா அருந்துவார். அப்போது எதிர்மேசையில் மனைவியோடு, ஒருவேளை குழந்தைகளோடும், புரூஸைக் காண்பதாக ஒரு கற்பனை அவருக்கு உண்டு. பார்த்தாலும் இருவரும் பேசிக்கொள்ளப் போவதில்லை. அவன் நன்றாக இருக்கிறான் என்பது தெரிந்தால் போதும். நீங்கள் கோத்தமுக்குத் திரும்பி வரவே கூடாது என்றுதான் விரும்பினேன் என்கிறார். வளர்த்த பிள்ளை தன்னிடம் திரும்பி வராமல் இருப்பதையே வரமாகக் கேட்கும் அன்பு இது. ஆற்றின் பெயரும் பானத்தின் பெயரும்கூடச் சொல்லி அந்தக் கனவை எழுதியிருக்கிறார்கள். அத்தனை துல்லியமாக இருப்பதாலேயே, அது ஏழாண்டுகளாக மனத்தில் மெருகேறிய கனவு என்று நாம் நம்புகிறோம்.

அந்தக் கனவு பலிக்காது என்று தோன்றியதும், எரித்த கடிதத்தைப் பற்றிய உண்மையைச் சொல்லிவிட்டு ஆல்ஃபிரெட் வீட்டை விட்டு வெளியேறுகிறார். இன்னொரு வெய்னைப் புதைக்க அவருக்குத் தெம்பில்லை. பிறகு படத்தின் பெரும்பகுதியில் அவர் இல்லை. அவர் இல்லாததையே ஒரு காட்சியாக்கியிருக்கும் நேர்த்தியை ரசிக்க வேண்டும். மறுநாள் காலை அழைப்புமணி அடிக்கிறது. கதவைத் திறக்க ஆளில்லை. புரூஸ் தானே வந்து திறக்கிறான். வாசலில் நிற்கும், வெய்ன் நிறுவனத்தின் லூசியஸ் ஃபாக்ஸ், நீங்களே கதவு திறக்கிறீர்களா என்று கேட்கிறார். பக்கம் பக்கமாக வசனம் எழுதினாலும் வராத வெறுமை அந்தக் கதவுத் திறப்பில் வந்துவிடுகிறது. துணைவரைச் செதுக்கி வளர்த்திருந்தால்தான் அவருடைய இன்மைக்கும் இத்தனை கனம் கிடைக்கும்.

ஃபாக்ஸும் கோர்டனும்கூட இதே உளியால் செதுக்கப்பட்டவர்கள். மார்கன் ஃப்ரீமனின் ஃபாக்ஸிடம் ஒருவர் வந்து, பேட்மேன் யாரென்று கண்டுபிடித்துவிட்டதாக மிரட்டிப் பணம் கேட்கிறார். ஃபாக்ஸ் பதறுவதில்லை. உலகின் பெருஞ்செல்வர்களில் ஒருவர் இரவெல்லாம் வெறுங்கையால் குற்றவாளிகளை அடித்து நொறுக்குகிறார் என்று நம்பிவிட்டு, அந்த மனிதரையா மிரட்டப் போகிறீர்கள் என்று இதழோரம் முறுவலோடு கேட்கிறார். அதே முறுவல்காரர், நகரமக்கள் அனைவரையும் வேவு பார்க்கும் இயந்திரத்தைக் கண்டதும் முகம் இறுகி, இது இருக்கும்வரை நான் இருக்க மாட்டேன் என்கிறார். அவருக்கென்று ஒரு கோடு இருக்கிறது. நாயகனுக்காகவும் அதை அவர் அழிப்பதில்லை. கேரி ஓல்ட்மனின் கோர்டனோ, முதல் படத்தில் இளம் போலீஸ்காரராக, பெற்றோரை இழந்து நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் சிறுவனின் தோள்களில் ஒரு கோட்டைப் போர்த்துகிறார். கண்சிமிட்டும் நேரத்தில் கடந்துபோகும் அந்தச் செயல் மூன்றாம் படத்தின் முடிவில் திரும்பி வருகிறது. நீ யார் என்று கோர்டன் கேட்க, ஒரு சிறுவனின் தோளில் கோட்டைப் போர்த்திய மனிதரும் நாயகர்தான் என்று பேட்மேன் விடைசொல்கிறான். நடுவே ஏழு ஆண்டுகள், மூன்று படங்கள். ஒரு கோட்டின் கதகதப்பை அதுவரை ஆறவிடாமல் காத்திருக்கிறது திரைக்கதை.

இந்தக் கவனிப்பு எளிதில் கிடைப்பதில்லை என்பதையும் ஆதங்கத்தோடு சொல்லத்தான் வேண்டும். 'தோர்' படங்களில் தோளோடு தோள் நின்ற வோல்ஸ்டாக், ஃபான்ட்ரல், ஹோகன் என்ற மூன்று நண்பர்களும் 2017இல் வந்த 'தோர்: ரக்னராக்' படத்தில் வில்லி ஹெலாவின் கையால் மடிகிறார்கள், முதல் இருவருக்கும் கிடைப்பது சில நொடிகளே. அவர்களுக்காகத் துயரப்படத் தோருக்கு ஒரு காட்சி வாய்க்கவில்லை. 1940களிலிருந்து சூப்பர்மேனுக்குத் தோழனாகப் போற்றப்பட்ட ஜிம்மி ஓல்சன், 2016இன் 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' படத்தில் வந்த சில நிமிடங்களிலேயே சுடப்பட்டு இறக்கிறான். ஆனால் தோர் வாழும் அதே மார்வெல் உலகில் ஹாப்பி ஹோகனைப் பாருங்கள். 2008இன் 'அயர்ன் மேன்' படத்தை இயக்கிய ஜான் ஃபாவ்ரோ தாமே ஏற்ற ஓட்டுநர் வேடம் அது. சிறைமீண்ட நாயகன் டோனி ஸ்டார்க் முதலில் கேட்டது சீஸ்பர்கர். வண்டி ஓட்டியவர் ஹாப்பி. பதினோரு ஆண்டுகள் கழித்து 'எண்ட்கேம்' படத்தில் டோனியின் இறுதிச்சடங்கு முடிந்தபின், அவனுடைய சிறுமகள் பக்கத்தில் உட்கார்ந்து என்ன சாப்பிட வேண்டும் என்று கேட்கிறார் ஹாப்பி. சீஸ்பர்கர் என்கிறாள் குழந்தை. உன் அப்பாவுக்கும் அது பிடிக்கும் என்கிறார். தகப்பனின் பசியை அறிந்த ஒருவர் உடனிருந்ததால்தான் அந்தச் சொல் நம் தொண்டையை அடைக்கிறது.

மீண்டும் நோலனிடம் வந்தால், மூன்றாம் படத்தின் முடிவில் இந்தக் கவனிப்பு உச்சம் தொடுகிறது. புரூஸ் வெய்ன் இறந்ததாகக் கருதப்பட்டு, குடும்பக் கல்லறையில் அடக்கம் நடக்கிறது. கோத்தமின் பெருமக்கள் எவரும் இல்லை. கோர்டன், ஃபாக்ஸ், இளம் போலீஸ்காரர் பிளேக், ஆல்ஃபிரெட் என்று நால்வர் மட்டுமே. பெற்றோரின் கல்லறைக்கு முன் நின்று, உங்கள் நம்பிக்கையைக் காப்பாற்றத் தவறிவிட்டேன் என்று ஆல்ஃபிரெட் குலுங்கி அழுகிறார். மூன்று படங்களாகக் கண்ணீரை அடக்கிவைத்த அந்த முகம் முதன்முறையாக முற்றிலும் உடைகிறது. அதுவரை சேமித்துவைத்ததால்தான் அந்த அழுகை நம்மையும் உடைக்கிறது.

அதன்பிறகு நால்வருக்கும் ஆளுக்கொரு பரிசு வந்து சேர்கிறது. இயந்திரங்களை அறிந்த ஃபாக்ஸுக்கு, விமானத்தின் தானியங்கிக் கருவியைப் புரூஸே முன்பு சரிசெய்திருக்கிறான் என்ற செய்தி. இரவுகளில் மாடியில் காத்துநின்ற கோர்டனுக்கு, பழுதுபார்க்கப்பட்ட வௌவால் விளக்கு. ஆதரவற்றவனாக வளர்ந்த பிளேக்குக்கு, குகையின் வழியும் அதன் உரிமையும். ஆல்ஃபிரெடுக்கு ஃபுளோரன்ஸ். அவர் சொன்னபடியே எதிர்மேசை, எதிர்மேசையில் செலினா என்ற பெண்ணோடு புரூஸ், ஒரு தலையசைப்பு, பேச்சே இல்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் கொடுத்ததன் வடிவிலேயே திரும்பக் கிடைத்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒன்றையொன்று மாற்றிவைத்தால் பொருந்தாது. அத்தனை தனித்தனியாக இந்த மனிதர்களை அறிந்திருக்கிறார்கள் எழுதியவர்கள்.

இன்னும் ஓர் அழகு உண்டு. பிளேக்கின் இயற்பெயர் ராபின் என்று தெரியவருகிறது. 1940இல் காமிக்ஸில் பிறந்து, நாயகனின் துணைவன் என்றாலே உலகுக்கு நினைவு வரும் பெயர் அது. படத்தின் கடைசிக் காட்சியில் குகைக்குள் உயர்ந்தெழுபவன் அவன்தான். ஆக, மூன்று படங்களிலும் பேட்மேனைப் பின்தொடர்ந்த கதை, முடிவில் ஒரு துணைவரின் ஆசையை நிறைவேற்றி, இன்னொரு துணைவனின் கையில் இடத்தை ஒப்படைத்துவிட்டு விடைபெறுகிறது. அடுத்த முறை இந்தப் படங்களைப் பார்க்கும்போது பேட்மேனை விட்டுவிட்டு ஆல்ஃபிரெடை மட்டும் தொடர்ந்து பாருங்கள். ஒரு பிள்ளையை இழப்புக்கு நடுவே வளர்த்து, கண்டித்து, பொய்சொல்லிக் காத்து, உண்மைசொல்லிப் பிரிந்து, கடைசியில் அவன் நலமாக இருப்பதைத் தொலைவிலிருந்து கண்டு நிறைந்த ஒருவரின் கதை முழுமையாக அங்கே இருக்கிறது. முகமூடியும் கவசமும் இல்லாமலே அது ஒரு காவியமாக நிற்கும்.